பி.டி.ஏ.வை விட்டு வெளியேறிய பள்ளிகள்: உங்கள் அனுபவம் என்ன?

துணைப்பொருளாளர்

இங்கே அமெரிக்காவில் என் மகள் படித்த தொடக்கப்பள்ளியில், தேசிய அமைப்போடு இணைந்த பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வைக் கலைத்துவிட்டு, எதனோடும் இணையாத தனித்த பெற்றோர்-ஆசிரியர் குழுவான பி.டி.ஓ. ஒன்றைத் தொடங்குவதென்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாக்கெடுத்தோம். காரணம் இங்குள்ள எல்லாரும் அறிந்ததுதான். ஒருவர் கட்டும் சந்தாவில் ஒரு பங்கு மாநில அமைப்புக்கும், இன்னொரு பங்கு வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் இருக்கும் தேசிய அலுவலகத்துக்கும் போய்விடுகிறது. நம் பிள்ளைகளுக்காகக் கொடுக்கும் பணம் நம் பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னபோது அதை மறுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. நானும் கை தூக்கினேன். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு எளிதாகவே கிடைத்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் பொருளாளர் வீட்டுச் சமையலறை மேசையில் கணக்கை முடிக்க உட்கார்ந்தோம். வங்கியில் 11,400 டாலர் இருந்தது. புத்தகக் கண்காட்சி, கேக் விற்பனை, பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி நடந்தும் ஓடியும் நன்கொடை திரட்டும் வசந்தகால வாக்கத்தான் என்று நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்த பணம். கிளை கலைக்கப்பட்டால் மீதித் தொகையை நாங்களாகவே புதிய அமைப்புக்கு மாற்ற முடியாது என்றும், மாநில அமைப்பின் ஒப்புதலோடு அவர்கள் சொல்லும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றும் எங்கள் பைலாவில் ஒரு விதி இருந்தது. அதை நாங்கள் அன்றுதான் படித்தோம். பொருளாளர் காசோலையில் தேதியை எழுதினார், தொகையை எண்ணால் எழுதினார், எழுத்தால் எழுத வேண்டிய கோட்டுக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதில் உன் மகள் ஓடிச் சேர்த்தது எவ்வளவு?" என்று கேட்டார். என் மகள் பதினான்கு சுற்று ஓடி எழுபது டாலர் சேர்த்திருந்தாள். அந்தக் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை.

பிரிவது சரியா தவறா என்று நான் கேட்கவில்லை. பிரிந்தவர்களும் பிரியாதவர்களும் தங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஆஸ்டின் வாசி

எங்களுடையது தொடக்கத்திலிருந்தே தனித்த பி.டி.ஓ. நான் வேலை செய்யும் நிறுவனத்தில், ஊழியர் நன்கொடை கொடுத்தால் அதே தொகையை நிறுவனமும் கொடுக்கும் மேட்சிங் வசதி உண்டு. பள்ளியின் அறிவியல் கூடத்துக்காக 500 டாலர் கொடுத்துவிட்டு விண்ணப்பித்தேன். இரண்டே நாளில் மறுத்துவிட்டார்கள். ஏதோ எழுத்துப்பிழையாக இருக்கும் என்று எண்ணி, கூட்டரசு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் ஈ.ஐ.என். எனப்படும் எங்கள் அமைப்பின் வரி அடையாள எண்ணை நானே இட்டுப் பார்த்தேன். எங்கள் பி.டி.ஓ.வின் பெயருக்கு நேராக, வரிவிலக்கு ரத்தானது என்ற குறிப்பும் அதற்கான தேதியும் இருந்தன. அந்தத் தேதி எங்கள் சென்ற ஆண்டுக் குளிர்கால விழாவுக்கும் முந்தையது. விழாவில் நன்கொடை தந்த அத்தனை பேருக்கும் வரிவிலக்கு உண்டு என்று நாங்கள் கையெழுத்திட்ட ரசீது கொடுத்திருந்தோம்.

ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலருக்கு மிகாத சிறு அமைப்புகள் 990-என் என்ற, அஞ்சலட்டை அளவே ஆன மின்வழிப் படிவத்தை ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். பத்து நிமிட வேலை. அதைத் தொடர்ந்து மூன்று ஆண்டு அனுப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். எங்களிடம் மூன்று ஆண்டுகளில் மூன்று பொருளாளர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் முந்தையவர் அனுப்பியிருப்பார் என்று நம்பினார்கள். மேலே மாநில அமைப்பு என்று ஒன்று இருந்திருந்தால், படிவம் அனுப்பினீர்களா என்று கேட்டு ஆண்டுக்கு ஒரு கடிதமாவது வந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. அந்த ரசீதுகளைப் பெற்றவர்களுக்கு நான்தான் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன்.

ஃப்ரீமான்ட் அம்மா

துணைப்பொருளாளர் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலே போகும் பங்கைப் பறிகொடுத்த பணம் போலவே எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பணம் என்ன செய்கிறது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். 1975-இல் வந்த சிறப்புக் கல்விச் சட்டத்தில், மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு மாணவருக்கு ஆகும் தேசியச் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை கூட்டரசு கொடுக்கும் என்று சொன்னார்கள். இன்றுவரை அந்த அளவை ஒருமுறைகூட எட்டவில்லை. அந்தக் குறை கடைசியில் மகனின் பேச்சுப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கும் கடிதமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் கிளைகள் சேர்ந்த எங்கள் பி.டி.ஏ. கவுன்சில் வழியாகப் பெற்றோர் ஆறு பேர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எங்கள் தொகுதிக்கான உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். நான் எழுதி எடுத்துப்போன தாளைப் படிக்க முடியாமல் கை நடுங்கியது. தாளை மடித்து வைத்துவிட்டு, முன்பு இரண்டு நாள், இப்போது ஒரு நாள் என்று மட்டும் சொன்னேன். எதிரில் இருந்த இளைஞர் தன் குறிப்பேட்டில் 40 என்று எழுதி வட்டமிட்டு, அதன் கீழே 2, 1 என்று எழுதிக்கொண்டார். தலைகீழாகத் தெரிந்த அந்த எண்களை நான் மறக்கவில்லை.

சட்டம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தனித்த குழுவும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் இதைச் செய்யலாம் என்பதும் தெரியும். ஆனால் யாரிடம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து என்னைக் கூட்டிப்போனது பி.டி.ஏ.தான். எங்கள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே செலவழிந்திருந்தால் அந்தப் பணம் இன்னொரு ஐஸ்கிரீம் விருந்தாகியிருக்கும்.

எடிசன் அப்பா

ஃப்ரீமான்ட் அம்மா சொல்வதை மதிக்கிறேன். உங்கள் மகனுக்காக நீங்கள் போய் நின்றது பெரிய காரியம். ஆனாலும் நீங்கள் சொல்லும் அந்த அமைப்புக்குள் யார் பேசலாம், யார் பேசக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும்.

நாங்கள் முன்பு வேறொரு மாநிலத்தில் இருந்தபோது அந்தப் பள்ளியில் பி.டி.ஏ. இருந்தது. பிள்ளைகளின் சுற்றுலாவை வார நாளில் வைப்பதா சனிக்கிழமையில் வைப்பதா என்று ஒரு கூட்டத்தில் வாக்கெடுப்பு. என் பக்கத்து நாற்காலியில், கட்டட வேலையிலிருந்து நேராக வந்த குவாத்தமாலாக்காரத் தந்தை ஒருவர் இருந்தார். காலணியில் சிமென்ட் காய்ந்திருந்தது. அவர் சனிக்கிழமைக்குக் கை தூக்கினார். செயலாளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான் வாக்கு என்று பணிவாகத்தான் சொன்னார். விதியும் அதுதான். அவருக்கு முழுவதும் புரியவில்லை, கையை இறக்காமல் என்னைப் பார்த்தார். நான் என் கையைக் காட்டி இறக்கச் சொன்னேன். சந்தா பத்து டாலர். என் பையில் அன்று இருபது டாலர் இருந்தது.

இப்போது நாங்கள் இருக்கும் பள்ளியில் இருப்பது எதனோடும் இணையாத ஹோம் அண்ட் ஸ்கூல் அசோசியேஷன். பிள்ளையைச் சேர்த்த அன்றே பெற்றோர் உறுப்பினர் ஆகிவிடுவார்கள். சந்தா கிடையாது, பட்டியல் கிடையாது. எங்கள் பைலாவை நாங்களே எழுதினோம் என்பதால்தான் இது முடிந்தது. ஐஸ்கிரீம் விருந்து வைக்கும் குழு என்று எங்களைச் சுருக்கிவிடாதீர்கள்.

ஃப்ரீமான்ட் அம்மா

வருத்தப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். ஆனால் கட்ட முடியாதவர்களின் சந்தாவை எங்கள் கிளை தானே கட்டிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் அதை யாரும் செய்யாததற்கு, தேசிய அமைப்போடு இணைந்திருந்தது காரணமாகாது.

எடிசன் அப்பா

ஒருவர் கேட்டுப் பெற வேண்டியதாக இருக்கும் வரை அது வாக்குரிமை ஆகாது என்பதுதான் என் கருத்து.

ஃபோர்சைத் கவுண்டி வாசகி

அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறோம். எங்கள் பள்ளியில் வெளியேறும் பேச்சைக் கொண்டுவந்தவளே நான்தான். பிப்ரவரி 17 பி.டி.ஏ. தொடங்கிய நாள். 1897-இல் ஆலிஸ் பர்னியும் ஃபீபி ஹர்ஸ்ட்டும் வாஷிங்டனில் அன்னையர் மாநாடாகத் தொடங்கிய நாளை ஒவ்வொரு ஆண்டும் கொண்டாடுவார்கள். அந்த விழாவில் வெளியேறுவதற்கான துண்டறிக்கையை விநியோகிக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன்.

நூலகத்தில் தன்னார்வலராக வரும் கறுப்பினப் பாட்டி ஒருவர் தன் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஓர் அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய தாயாரின் உறுப்பினர் அட்டை. அதில் நாம் அறிந்த பி.டி.ஏ.வின் பெயர் இல்லை, கறுப்பினப் பெற்றோர் ஆசிரியர்களின் தேசியப் பேரவை என்று இருந்தது. பள்ளிகளை நிறத்தால் பிரித்து வைத்திருந்த மாநிலங்களில் கறுப்பினப் பெற்றோருக்குத் தனி அமைப்புதான். செலினா ஸ்லோன் பட்லர் என்ற அட்லாண்டாப் பெண்மணி யாங் தெருப் பள்ளியில் சிறு குழுவாகத் தொடங்கி 1926-இல் அதைத் தேசிய அமைப்பாக்கினார். இரண்டு அமைப்புகளும் ஒன்றானது 1970-இல், இதே அட்லாண்டாவில். "உள்ளே வருவதற்கு என் அம்மாவுக்கு நாற்பத்து நான்கு ஆண்டு ஆயிற்று" என்று சொல்லிவிட்டு அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை, துண்டறிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வெளியேறுவதற்கு நான் எழுதிய காரணங்கள் இன்னும் சரியென்றே நினைக்கிறேன். துண்டறிக்கைகளை மட்டும் காரிலிருந்து எடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை, சிகாகோ

என் கதை சிறியது. எங்கள் தனித்த குழுவின் இலையுதிர்கால விழாவில், பிள்ளைகள் குதித்து விளையாடும் காற்றடைத்த பவுன்ஸ் ஹவுஸிலிருந்து விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் மணிக்கட்டு முறிந்தது. மருத்துவச் செலவு குறித்து அவன் தந்தை கேட்டபோது எங்களிடம் காப்பீடே இல்லை என்பது தெரியவந்தது, பள்ளியின் காப்பீடு எங்களுக்கும் சேர்த்துத்தான் என்று அதுவரை எண்ணியிருந்தோம். அவனுடைய பச்சை நிற மாவுக்கட்டில் விழாக் குழுவினர் எல்லாரும் கையெழுத்திட்டோம்.

துணைப்பொருளாளர் தங்கையே, நீங்கள் ஏற்கெனவே பிரிந்துவிட்டதால் இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய கிளையின் ஈ.ஐ.என். எண்ணையோ, பள்ளி மாவட்டத்தின் எண்ணையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், புதிய அமைப்புக்குப் புதிய எண் வாங்குங்கள். பெயரில் பி.டி.ஏ. என்ற எழுத்துகள் வரக் கூடாது, அது பதிவு செய்யப்பட்ட பெயர். பழைய பதாகைகளையும் சேர்த்தே அகற்றிவிடுங்கள். மாநிலத்தில் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிந்த பிறகு, ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் என்றால், வரிவிலக்குக்கு ஐ.ஆர்.எஸ்.ஸிடம் விண்ணப்பிக்க 1023-ஈஸி என்ற சுருக்கப் படிவம் போதும், கட்டணம் 275 டாலர். முழுப் படிவத்துக்கு 600 டாலர். இந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பலர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிந்தால் 990-என் அனுப்பக் கடைசி நாள் நவம்பர் 15. அந்தத் தேதியை ஒரு பொருளாளரின் தொலைபேசியில் மட்டும் வைக்காமல், செயற்குழு முழுவதும் பார்க்கும் நாட்காட்டியில் வையுங்கள். ஆஸ்டின் நண்பருக்கும் ஒரு வார்த்தை: ரத்தான கடிதம் வந்து 15 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், சிறு அமைப்புகளுக்கு ரத்தான நாளிலிருந்தே விலக்கைத் திரும்பத் தரும் எளிய வழி ஒன்று உண்டு.

காசோலைக்கு இரண்டு கையொப்பம் கட்டாயம், அந்த இருவரும் ஒரே வீட்டவராக இருக்கக் கூடாது. வங்கி அறிக்கையை மாதந்தோறும் கையொப்பமிடும் உரிமை இல்லாத மூன்றாவது ஒருவர் பிரித்துப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் பணத்தை அந்த இடத்திலேயே இருவர் எண்ணித் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், எண்ணாத பணம் யாருடைய வீட்டுக்கும் போகக் கூடாது. பி.டி.ஏ. கிளைகளில் இவை வழக்கமாகவே இருக்கும். தனித்த குழுவில் நாமே எழுதி வைக்காவிட்டால் எதுவும் இருக்காது. பைலாவில் கலைப்பு விதியை முதலில் எழுதுங்கள். குழு கலைந்தால் பணம் எங்கே போகும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

துணைப்பொருளாளர்

கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு நன்றி. நான் ஆலோசனை கேட்கவில்லை என்றாலும் இதை அச்சிட்டு எங்கள் புதிய தலைவரிடம் கொடுக்கிறேன். எடிசன் நண்பர் சொன்னதைக் கேட்டு எங்கள் புதிய பைலாவை எடுத்துப் பார்த்தேன். சந்தா கட்டியவர்களுக்கே வாக்கு என்ற வரியைப் பழையதிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அதை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருகிறேன்.

முதலில் எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். கலைப்பு விதியை அன்றுதான் படித்தோம் என்று சொன்னது உண்மை. ஆனால் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் பைலாவைப் படித்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் வழக்கம் எங்கள் கிளையில் இருந்தது. பள்ளி அலுவலக அலமாரியிலிருந்து அந்தக் கோப்பை நேற்று வாங்கி வந்தேன். கடைசிப் பக்கத்தில் பொருளாளரின் கையொப்பத்துக்குக் கீழே என் கையொப்பம் இருக்கிறது.