12-14 ஒன் நோ ட்ரம்ப்பை டபுள் செய்தால் என்ன செய்வது?

இங்கிலாந்தில் கிளப் பிரிட்ஜ் சீட்டாட்டம், ஏக்கோல் ஏல முறை, 12-14 பாயிண்ட் கையில் ஒன் நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஏழு ட்ரிக் எடுப்பேன் என்ற ஏலம்). எதிராளி பெனால்டி டபுள் (தோற்பீர்கள் என்று பந்தயத்தைக் கூட்டுவது) போட்டதும் மாட்டிக்கொள்கிறோம். போன வாரம் வல்னரபிளில் (தோற்றால் அபராதம் அதிகமாகும் நிலையில்) பார்ட்னர் கையில் ஸ்பேடு 9752, ஹார்ட் 8643, டைமன்டில் ஜாக்கும் 6-ம், கிளப் 852. பாஸ் சொன்னார், மூன்று ட்ரிக் குறைந்து 800 போனது.

அப்போது டபுளுக்குப் பிறகு பிட் (ஏலம்) எல்லாமே இயல்பானது, சொன்ன சூட்டையே (சீட்டு இனம்) குறிக்கும். ஐந்து சீட்டு சூட் இருந்தால் சரி, இரண்டு சூட்டில் நான்கு நான்கு சீட்டு (4-4) என்றால் வழியில்லை. அப்புறம் பார்ட்னர் ரீடபுள் (டபுளை மேலும் இரட்டிப்பது) சொன்னால் நான் 2 கிளப் சொல்லியே ஆக வேண்டும், அவரிடம் ஒரே நீள சூட் என்று அர்த்தம். நேரடி பிட் என்றால் அந்த சூட்டும் அதற்கு மேல் ஒன்றும் என்று மாற்றினோம். 4-4 தீர்ந்தது, ஆனால் அவரிடம் 9 பாயிண்ட் இருக்கும்போது ரீடபுளில் உட்கார்ந்து அடிக்க முடிவதில்லை, அதுதான் வலிக்கிறது. ஸ்ட்ராங் நோ ட்ரம்ப்புக்கு (இன்னும் அதிக பாயிண்ட் கைக்கு மட்டும்) மாற மனமில்லை.

பார்ட்னர் பாஸ் சொன்னால் நான் கட்டாயம் ரீடபுள் செய்வது என்று வைத்தால் இது தீரும், ஆனால் டபுளோடு நிறுத்தி ஆட முடியாது. வல்னரபிளிலும் அப்படி ஆடுபவர்கள் இருக்கிறீர்களா, கட்டுப்படியாகிறதா?