ஸ்டென்ட் மாத்திரையும் பிளேட்லெட்டும்: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:
அப்பாவுக்கு இதயக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்த ஆண்டிலேயே டெங்கு. ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் முப்பதாயிரத்துக்கு இறங்கிய இரவு, காய்ச்சல் வார்டு மருத்துவர் ரத்தக்கசிவுக்கு அஞ்சி இரண்டையும் நிறுத்தச் சொன்னார். இதய மருத்துவரோ தொலைபேசியில், "நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்" என்றார். செவிலியர் மாத்திரைக் கிண்ணத்தை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் யார் இதை முடிவு செய்ய? பிறகு இருவரும் பேசி, ஒன்றை மட்டும் தொடர்ந்தார்கள். அப்பா நலம். எனக்குத்தான் அந்தக் கிண்ணம் மறக்கவில்லை.

ஓய்வூதியர்:
தம்பி, பப்பாளி இலைச் சாறு கொடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. என் பல்லைப் பிடுங்கப் போனபோது, ஆஸ்பிரின் என்றதும் பல் மருத்துவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டார். இதய மருத்துவரிடம் கடிதம் கேட்டார். ஆகவே எல்லோரும் மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென் கேட்டு வாங்காதீர்கள், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். காலையில் நடங்கள். புகையை விடுங்கள். எண்ணெயைக் குறையுங்கள்.

காவிரிப்பெண்:
ஐயா, சாறு எண்ணிக்கையை ஏற்றுமா என்பது வேறு வழக்கு. எண்ணிக்கை குறைந்திருந்தாலும் ஸ்டென்டில் ரத்தம் உறையலாம், அதுதானே அவருடைய சிக்கல்! இன்னொன்று: பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் மறுபடி உருவாக்க முடியாது. அது வாழும் 7 முதல் 10 நாளும் முடங்கியே கிடக்கும். ஒரு வேளை மாத்திரை தள்ளிப்போனதற்காக அன்றிரவே எல்லாம் மாறிவிடாது.

என் கணவருக்கு முந்தைய ஆஞ்சியோவில் அடைப்பு பாதிகூட இல்லை. நிம்மதியாக இருந்தோம். ஆனால் கொழுப்புப் படிமம் வெடித்தால், அதைக் காயம் என்றெண்ணிப் பிளேட்லெட்டுகள் மொய்த்துக் குழாயையே மூடிவிடுகின்றன. அவருக்கும் அப்படித்தான் மாரடைப்பு வந்தது. 108 வண்டியில் அவர் தண்ணீர், தண்ணீர் என்று கெஞ்ச, வண்டியில் இருந்த உதவியாளர் பையன் ஆஸ்பிரினை வாயில் போட்டு, "மெல்லுங்கள் சார், முழுங்காதீர்கள், மெல்லுங்கள்!" என்று கத்தினான். மாரடைப்பில் ஆஸ்பிரினைத் தனியாகக் கொடுத்ததே இறப்பை ஏறக்குறைய 23 சதவீதம் குறைத்தது என்று 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வைப் பின்னால்தான் படித்தேன்.

புதியவன்:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். மாமனாருக்கு குளோபிடோக்ரெல் போலவே பிளேட்லெட்டைத் தடுக்கும் டிகாக்ரெலார் மாத்திரை தொடங்கியதிலிருந்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேன் சரியாக இருக்கிறது. மாத்திரையை மாற்றித் தந்தார்களா உங்களில் யாருக்காவது?

ஓய்வூதியர்:
எனக்கு இல்லை. ஆனால் அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். பப்பாளி பற்றித் தனியாக எழுதுகிறேன்.