அப்பாவின் மூக்கிலிருந்து கருப்புப் பொருக்கு, கரும்பூஞ்சையாக இருக்குமா?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை 300க்கு மேல், நுரையீரலுக்காக மூன்று வாரமாக ஸ்டீராய்டு மாத்திரை வேறு. நாலு நாளாக இடது மூக்கு மட்டும் அடைப்பு, அந்தப் பக்கக் கன்னம் மரத்துப்போகிறதாம். இன்று சிந்தும்போது கைக்குட்டையில் கருப்பாகப் பொருக்கு வந்தது. திங்கள் வரை பார்க்கலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம், இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2021இல் கொரோனா முடிந்து வீடு திரும்பிய எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான், பல்வலி என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டோம், அப்புறம் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

பதில் 2: ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தப் பூஞ்சை மண்ணிலும் மட்கிய இலையிலும் இருப்பதுதான், எல்லோரும் மூச்சில் இழுக்கிறோம். சர்க்கரை ஏறியோ ஸ்டீராய்டாலோ எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும், ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கும், நீங்கள் பார்த்ததும் அந்தக் கருப்பாக இருக்கலாம். துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சீக்கிரமே தெரியும். உறுதியானால் பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் பி ஊசி, செத்த சதையை அறுத்தெடுப்பது, சர்க்கரையை இறக்குவது மூன்றும் வேண்டும். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒட்டுவாரொட்டி இல்லை, தைரியமாகப் பக்கத்தில் இருங்கள்.

கேட்டவர்: சரி, ஆட்டோ வந்துவிட்டது, மருந்துச் சீட்டெல்லாம் எடுத்துக்கொண்டேன்.