சேண அலமாரியில் பூஞ்சணம் பிடிக்கிறது, கதவும் இறங்கிவிட்டது: இதையே திருத்த வழி உண்டா?

கடலோரவாசி (கேள்வி)

வணக்கம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு லாயத்தில் என் குதிரையைக் கட்டியிருக்கிறேன். சேணம், கடிவாளம், அங்கவடி, வார்கள் ஆகியவற்றைப் பூட்டி வைப்பதற்காக ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம், இரண்டடி ஆழத்தில் 18 மி.மீ. பிளைவுட்டால் அங்கே ஓர் அலமாரி செய்து வைத்திருக்கிறேன். ஒற்றைக் கதவு, இரண்டு கீல்கள். எலி தோலைக் கடித்துவிடும் என்பதால் இடுக்கே இல்லாமல் அடைப்பாகச் செய்யப்பட்டது.

கோடையில் எந்தக் குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்த பிறகு சேணத்தின் அடிமெத்தையிலும் கடிவாள வார்களின் மடிப்புகளிலும் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம் படர்கிறது. துடைத்தாலும் சில நாள்களில் திரும்பி வருகிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டும் பயனில்லை. கதவும் பூட்டுப் பக்கம் இறங்கி, கீழ்ச்சட்டத்தில் உரசுகிறது. பின்பலகையைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்தால் போதும் என்று லாயத்தில் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

தோல்வினைஞர்

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சவாரி முடிந்ததும் வியர்வையில் நனைந்த சேணத்துணியைச் சேணத்தோடு சேர்த்தே உள்ளே வைத்துப் பூட்டினால், வெளியில் மழையே இல்லாவிட்டாலும் உள்ளே ஈரம் தேங்கும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி, இருட்டும் அசையாக் காற்றும் சேர்ந்துவிட்டால், தோலில் பூஞ்சணம் வளர அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆகவே துணி வெளியே கொடியில் காய வேண்டும். சேணத்தை ஈரத்துணியால் துடைத்து, சேணச் சோப்புப் போட்டு, நிழலில் உலர்த்திய பிறகே உள்ளே வைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். மழைக்காலத்தில் எண்ணெயை அள்ளிப் பூசாதீர்கள். தோல் உறிஞ்சாமல் மேலே நிற்கும் எண்ணெயும் பூஞ்சணத்துக்கு இரைதான்.

சிலிக்கா ஜெல், காற்றுப் புகாத சிறு பெட்டிக்கு உரியது. நாள்தோறும் திறந்து மூடும் அலமாரியில் அது விரைவில் ஈரத்தால் நிறைந்துவிடும். உள்ளே குண்டு பல்பு எரியவிடும்படி யாரேனும் சொல்லக்கூடும். வைக்கோல் கிடக்கும் லாயத்தில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சேணத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள்? ஒற்றைக் கட்டைமேல் தொங்கவிட்டால், முதுகுத்தண்டுக்காக விடப்பட்ட நடுப்பள்ளத்தில் முழு எடையும் இறங்கும். ஐந்து அங்குல அகலப் பலகைகள் இரண்டை ஓட்டுக்கூரைபோல் சரித்து, உச்சியில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, இருபது அங்குல நீளத்தில் தாங்கி செய்யுங்கள். மெத்தைகள் இரண்டும் சரிவில் படியும், நடுவே காற்றும் ஓடும். கடிவாளத்தை ஆணியில் மாட்டினால் தலைவார் அந்த இடத்தில் ஒடிந்து மடியும். நான்கு அங்குல விட்டமுள்ள உருண்டைக் கட்டையை அறைந்து, அதில் மாட்டுங்கள்.

தச்சுப்பட்டறை

பின்பலகையைக் கழற்றவே கழற்றாதீர்கள். அலமாரி சாய்ந்துவிடாமல் மூலைமட்டத்தில் நிறுத்துவது அதுதான். வலை அந்த வேலையைச் செய்யாது. காற்றுக்கு, பின்பலகையின் மேல்விளிம்பை ஒட்டி நான்கு அங்குல உயரத்தில் ஒரு நீள்துளையும், கதவின் அடியில் அதே அளவில் இன்னொன்றும் வெட்டி, இரண்டிலும் கால் அங்குலக் கண் உள்ள துருப்பிடிக்காத வலையை உள்பக்கமாக அடித்துவிடுங்கள். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறும், எலி நுழையாது. அலமாரியை நான்கு அங்குலக் கால்களில் ஏற்றி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். சிமெண்ட் தரையின் ஈரமும் ஏறாது, கரையான் மண்கோடு வந்தாலும் கண்ணில் படும்.

கதவுக்கு வருவோம். அந்த அளவுக்கு 18 மி.மீ. கதவு ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். இரண்டு கீல்களின் திருகாணிகளும் பிளைவுட்டின் விளிம்பில் இறங்கியிருந்தால், அடுக்குகளுக்கு நடுவே பிடிமானம் இல்லாமல் தளர்ந்துவிடும். ஆனால் கீலைத் தொடுமுன், அலமாரி வாயின் இரு மூலைவிட்டங்களையும் நாடா வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் குறை கீலில்; வேறுபட்டால் அலமாரியின் கூடே (பெட்டிச் சட்டகமே) சாய்ந்திருக்கிறது, கீலை மாற்றிப் பயனில்லை.

கடலோரவாசி

அளந்தேன். வேறுபாடு 14 மி.மீ. இருக்கிறது. பின்பலகை 4 மி.மீ. பிளைவுட், ஓரங்களில் சிறு ஆணிகள் மட்டுமே, சில கழன்றும் இருக்கின்றன. கதவைத் தூக்கிப் பார்த்தால் மேல்கீலும் ஆடுகிறது.

தச்சுப்பட்டறை

அப்படியானால் இரண்டு குறையும் உள்ளன; கூட்டை முதலில் சரிசெய்யுங்கள். கதவைக் கழற்றி, அலமாரியைக் குப்புறக் கிடத்தி, நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கயிறு கட்டி முறுக்கி இழுத்து, இரு அளவுகளும் சமமானதும், 9 மி.மீ. பிளைவுட்டைப் புதிய பின்பலகையாக மரப்பசையோடு ஆறங்குலத்துக்கு ஒரு திருகாணி வீதம் இறுக்குங்கள். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 (நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறி) முத்திரை உள்ளதைக் கேளுங்கள். மேல் நீள்துளையைப் பொருத்துமுன்பே வெட்டிவிடுவது எளிது.

பிறகு கதவை நெடுக்காக நடுவில் அறுத்து இரட்டைக் கதவாக்குங்கள். எடையும் பாதி, அகலமும் பாதி என்பதால் ஒவ்வொரு பக்கத்துக் கீலும் தாங்கும் இழுவை நான்கில் ஒரு பங்காகிவிடும். கடற்காற்றில் சாதாரண இரும்புக் கீல் நிற்காது. 316 தரத் துருப்பிடிக்காத எஃகில், கதவுக்கு மூன்றாகப் போட்டு, திருகாணியைப் பலகையின் முகப்பில் இறக்குங்கள். அறுத்த விளிம்புகளிலும் துளை ஓரங்களிலும் வார்னிஷ் இரண்டு பூச்சு கட்டாயம். பிளைவுட் தண்ணீர் குடிப்பது அங்கேதான். வார்னிஷ் வாடை முழுவதும் போகும்வரை சேணத்தை உள்ளே வைக்க வேண்டாம்.