ஹைட்ராலிக் எண்ணெய்க்குத் தமிழ்ச்சொல்: ‘விசையெண்ணெய்’, ‘பொதுத்தொட்டி எண்ணெய்’

அனைவருக்கும் வணக்கம்.

சிறு டிராக்டர் பராமரிப்புக் கையேட்டில் ஹைட்ராலிக் ஃப்ளூயிட் (அழுத்தத்தைக் கடத்திக் கலப்பை போன்றவற்றைத் தூக்க உதவும் நீர்மம்) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு இதுவரை ‘நீரியல் எண்ணெய்’, ‘பாய்ம அழுத்த ஊடகம்’ என்ற இரண்டு சொற்கள் வந்துள்ளன. ‘ஹைட்ராலிக் ஆயில்’ என்று அப்படியே விட்டுவிடலாம் என்றும் கோலாலம்பூர் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். இவற்றில் எதையும் என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கையேட்டை யார் படிக்கப்போகிறார் என்று பார்ப்போம். மலேசியாவில் நம் பினாங்கின் பாலிக் புலாவ் சரிவில் டுரியான் தோப்பு வைத்திருப்பவர், நிபோங் திபால் பக்கம் சில ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருப்பவர், அவர்களுடைய டிராக்டரைப் பழுதுபார்க்கும் போர்மன். நம் ஊரில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இயந்திரங்களைப் பற்றி அதற்குமேல் படித்ததெல்லாம் மலாயில்தான். அவருக்கு ‘மின்யாக் ஹிட்ராலிக்’ தெரியும். எஞ்சின் எண்ணெயை ‘மின்யாக் ஹித்தாம்’ என்பது தெரியும். கடையில் 20 லிட்டர் வாளிகள் வரிசையாக இருக்கும்போது எதை எடுப்பது என்பதுதான் அவருடைய சிக்கல். நாம் தரும் சொல் அந்த இடத்தில் அவருக்கு உதவ வேண்டும்.

‘நீரியல்’ அங்கே உதவாது. ஆறு, மழை, நிலத்தடி நீர் பற்றிய படிப்புக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. தண்ணீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான் ஹைட்ராலிக் என்பது உண்மை. 1795-இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற அழுத்த எந்திரம் தண்ணீரில்தான் இயங்கியது. ஆனால் இன்றைய டிராக்டருக்குத் தண்ணீர் பகை. பினாங்கின் ஈரக்காற்றில் இது வெறும் பேச்சு இல்லை: பகலில் சூடேறிய எண்ணெய் இரவில் குளிரும்போது தொட்டி காற்றை உள்ளே இழுக்கிறது, அந்தக் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படிகிறது. வண்டி மழையில் நின்றால் இன்னும் மோசம். எண்ணெய் தே தாரிக் (பால்தேநீர்) நிறத்துக்கு மாறினால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். பம்பு தேயும், இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றியே ஆகவேண்டும். இந்த எச்சரிக்கையை எழுதும் பக்கத்திலேயே அந்த எண்ணெயை ‘நீரியல் எண்ணெய்’ என்று அழைப்பது சரியாக இருக்காது.

‘பாய்மம்’ நல்ல சொல், இயற்பியலில் நிலைத்த சொல். ஆனால் அது வாயுவையும் சேர்த்துக் குறிக்கும். காற்றழுத்தத்தில் இயங்கும் லாரி பிரேக்கும் பாய்மத்தால்தான் இயங்குகிறது. தவிர, ‘பாய்ம அழுத்த ஊடகம் 20 லிட்டர் கொடுங்கள்’ என்று எவரும் கடையில் கேட்கப்போவதில்லை.

என் முன்மொழிவு ‘விசையெண்ணெய்’. விசைத்தறி, விசைப்படகு என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது வராமல் போகாது. பம்பு தரும் விசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணெய். எஃகு ஆலைகளில் தீப்பிடிக்காமல் இருக்க நீரும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் கலந்த கலவையைப் பயன்படுத்துகிறார்கள், அது எண்ணெய் ஆகாது. அதனால் மொத்த இனத்துக்கும் ‘விசைநீர்மம்’ என்று வைத்துக்கொண்டு, எண்ணெயாக இருப்பதை மட்டும் விசையெண்ணெய் எனலாம். எள்ளின் நெய் என்று தொடங்கிய சொல்லே மண்ணெண்ணெய் வரை வந்துவிட்டது, இங்கும் தாங்கும்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் கையேடு தவறாக வழிகாட்டும். என் உண்மையான கவலை இங்கேதான்.

மண்வாரி எந்திரத்துக்கு ஊற்றும் ஐஎஸ்ஓ 46 விசையெண்ணெய் ஒரு வகை. 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை (எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது) நொடிக்கு 46 சதுர மில்லிமீட்டர் அளவில் இருக்கும் என்பதையே அந்த எண் சொல்கிறது. தேய்மானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. சிறு டிராக்டரின் பின்பகுதியில் நடப்பது வேறு. அங்கே பெரும்பாலும் ஒரே தொட்டி. அந்த ஒரே எண்ணெய் கலப்பையைத் தூக்குகிறது, கியர்களை உயவிடுகிறது, எண்ணெய்க்குள் மூழ்கியே சுழலும் பிரேக் தட்டுகளையும் நனைக்கிறது. இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. 1946-இல் வந்த ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரிலேயே பம்பு கியர்ப்பெட்டிக்குள் இருந்து அதே எண்ணெயைத்தான் உறிஞ்சியது.

அந்தப் பிரேக் தட்டுகள் வழுக்காமலும் கிறீச்சிட்டு அதிராமலும் பிடிக்க வேண்டுமென்றால், எண்ணெயில் உராய்வைச் சீர்செய்யும் பொருள் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 46 வாளியில் அது கிடையாது. கியர்ப் பற்கள் தாங்கும் சுமைக்கான காப்பும் போதாது. ‘ஹைட்ராலிக் எண்ணெய்’ என்று பொதுவாக எழுதிவிட்டால், படிப்பவர் மலிவாகக் கிடைக்கும் அந்த வாளியைத்தான் வாங்குவார். கலப்பையைத் தூக்கும் அமைப்பு வேலை செய்யும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். பாலிக் புலாவ் சரிவில் சுமையோடு இறங்கும்போது பிரேக் கரகரக்கும். இதனால்தான் ‘ஹைட்ராலிக் ஆயில்’ என்றே விடலாம் என்ற யோசனையோடும் எனக்கு உடன்பாடில்லை. கடன்சொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. இரண்டு வெவ்வேறு பொருள்களை அது ஒரே பெயரில் அடைக்கிறது.

ஆகவே இரண்டாவது வகைக்குத் தனிச்சொல் வேண்டும். ஈப்போ நண்பர் ‘பல்பணி எண்ணெய்’ என்று தனிமடலில் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது. ஆனால் பல்பணி என்றால் எஞ்சினுக்கும் ஊற்றலாம் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினுக்கும் சேர்த்துத் தயாரிக்கும் டிராக்டர் எண்ணெய் வேறாக இருக்கிறது, அதை ‘அனைத்துப்பணி எண்ணெய்’ என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியதை எங்கே ஊற்றுகிறோமோ அந்த இடத்தின் பெயரால் அழைப்போம்: பொதுத்தொட்டி எண்ணெய். போர்மன் தொட்டியைக் காட்டினால் சொல்லும் புரிந்துவிடும். ரப்பர்த் தோட்டத்து மக்கள் பால்மரம், ஒட்டுப்பால் என்று பெயர் வைத்ததும் இப்படிப் பார்த்ததை வைத்துத்தான். எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை, இன்றுவரை நிற்கிறது.

பெயரோடு தரக்குறியீட்டையும் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஜான் டியர் வண்டிக்கு ஜே20சி, மேசி ஃபெர்குசனுக்கு எம்1145, குபோட்டாவுக்கு சூப்பர் யூடிடி2 என்பதுபோல. எது என்பதை அந்தந்த வண்டியின் புத்தகம் சொல்லும். ஜே20டி என்பது குளிர்நாட்டுக்கான இளகிய வகை. பகலில் 30 டிகிரிக்கு மேல் போகும் நம் ஊரில் அதற்குத் தேவை இல்லை. அமெரிக்கக் காணொளியைப் பார்த்து அதைத் தேடி அலைய வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடலாம்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 303 ஒரு பாடம். ஜான் டியரின் பழைய 303 எண்ணெயில் உராய்வைச் சீர்செய்ய எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்த பிறகு, 1970-களில் அந்தத் தரமே கைவிடப்பட்டது. ஆனால் 303 என்ற எண்ணை வாளியில் அச்சிட்டு வேறு பலர் பல ஆண்டுகள் விற்றார்கள். எந்தத் தரத்துக்கும் பொருந்தாத எண்ணெய்கள் அந்தப் பெயரில் வந்து டிராக்டர்களைக் கெடுத்தன. வழக்குகள் நடந்தன, அமெரிக்க மாநிலங்கள் சில விற்பனையையே தடுத்தன.

இன்னொன்றையும் இப்போதே தீர்த்துவிடலாம். காரின் பிரேக்குக்கு ஊற்றுவதை இங்கே ‘மின்யாக் ப்ரேக்’ என்றும் ‘பிரேக் ஆயில்’ என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது கிளைக்கால் வகையைச் சேர்ந்தது, எண்ணெயே இல்லை. டிராக்டரின் பொதுத்தொட்டியில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். காரின் பிரேக்கில் எண்ணெயை ஊற்றினாலும் அதேபோல அங்குள்ள ரப்பர் உப்பிப் பிரேக் போய்விடும். எனவே கையேட்டில் எந்த இடத்திலும் அதை எண்ணெய் என்று எழுதக் கூடாது. ‘பிரேக் நீர்மம்’ என்றே எழுத வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எண்ணெய்க்குள் மூழ்கிய பிரேக்கை ‘நனைபிரேக்’ என்று சுருக்கலாமா, ‘மூழ்குபிரேக்’ என்பதா என்று எனக்கு முடிவாகவில்லை. முதலாவது மழையில் நனைந்த பிரேக் என்று தோன்றுமோ என்று தயங்குகிறேன். பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டு எழுதுங்கள். அதே கையோடு, உங்கள் ஊர்க் கடையில் பொதுத்தொட்டி எண்ணெய் வாளிமீது மலாயில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நம் சொல்லுக்குப் பக்கத்தில் அதையும் அப்படியே போட்டுவிடலாம்.

அன்புடன்,
பட்டவொர்த்திலிருந்து