ஒரு லாரித் தண்ணீர்

மீட்டர்பெட்டி:
கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் குடியிருக்கும் நண்பர் ‘கரிசல்வீடு’, “நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு மின்கம்பியும் இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை, வெயிலும் மழையும் போதும், முழுத் தற்சார்பு” என்று சென்ற வாரம் எழுதியதற்கு இங்கே பலரும் கைதட்டியிருக்கிறீர்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதைக் கடைசி வரை வாசித்தீர்கள்? “2024 மே மாதம் மகளின் காதுகுத்துக்கு உறவினர்கள் வந்துவிட்டதால் ஒரு லாரித் தண்ணீர் மட்டும் வாங்க நேர்ந்தது” என்று, ரசத்தில் பெருங்காயத்தைக் கரைப்பது போலக் கரைத்து வைத்திருக்கிறார். 34 ஆண்டுகள் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவன் சொல்கிறேன்: லாரி வந்த வீடு தற்சார்பு வீடு அல்ல.

கரிசல்வீடு:
ஐயா, கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். எங்கள் கூரை 1,200 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 111 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். என் மழைமானியில் ஆண்டுக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் பதிவாகிறது. ஓடு உறிஞ்சுவதும், கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுவதும் போக, ஐந்தில் நான்கு பங்கு சேர்ந்தாலே 53,000 லிட்டர் கிடைத்துவிடும். தொட்டி 40,000 லிட்டர் கொள்ளும். அம்மாவையும் சேர்த்து நாங்கள் நால்வர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் என்றால், தை முதல் புரட்டாசி வரையிலான ஒன்பது மாதங்களுக்கு ஏறத்தாழ 33,000 லிட்டரில் முடிந்துவிடுகிறது. கழிப்பறைக்கு மட்டும் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர். இதில் எந்த வரி பொய் என்று சொல்லுங்கள்.

மீட்டர்பெட்டி:
நான் வாய்ப்பாடு கேட்கவில்லை, லாரியைக் கேட்டேன். இருந்தாலும் உங்கள் கணக்குக்கே வருகிறேன். ஊரகக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பதுதான் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அதன்படி நால்வருக்கு ஆண்டுக்கு 80,300 லிட்டர் வேண்டும். நீங்கள் 30 லிட்டரில் வாழ்ந்து காட்டுகிறீர்கள் என்றால் அது தற்சார்பு அல்ல, விரதம். இன்னொன்றையும் வசதியாக மறந்துவிட்டீர்கள். அந்த மே மாதத்துக்கு ஐந்து மாதம் முன்புதான், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. அப்படிப்பட்ட மழைக்குப் பின்னும் சித்திரை வெயிலில் உங்கள் வாசலில் லாரி நின்றது என்றால், மழை பொய்க்கும் ஆண்டில் எத்தனை லாரி நிற்கும்?

கரிசல்வீடு:
வானம் எவ்வளவு கொட்டினாலும் 40,000 லிட்டர்த் தொட்டியில் 40,000 லிட்டர்தான் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த வெள்ளத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தபோது எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் எங்கள் திண்ணையில் வந்துதான் கைபேசிக்கு மின்னேற்றிக்கொண்டு போனார்கள். அதை எழுதியிருந்தேனே, அது மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை.

பேட்டரிப்பித்தன்:
லாரி ஒரு பக்கம் கிடக்கட்டும். 3 கிலோவாட் சூரியத் தகட்டை வைத்துக்கொண்டு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயக் கலங்கள் (பேட்டரிகள்) நான்கோடு நிறுத்திக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான்கும் சேர்ந்து 7.2 யூனிட் என்பது காகிதக் கணக்கு. பாதிக்குக் கீழே இறக்கினால் ஈயக் கலத்தின் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு எட்டுவது 3.6 யூனிட்தான். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை தரும் தகடுகள், ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் வானம் மூடிக்கொண்டால் என்ன தரும்? குளிர்சாதனப் பெட்டி ஒன்றே ஒரு நாளைக்கு ஒரு யூனிட் சாப்பிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம் என்றால் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம். கலத்தில் வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) ஊற்றும் வேலையும் இல்லை.

கரிசல்வீடு:
வடிநீர் ஊற்ற எனக்குக் கை இருக்கிறது, தம்பி. மழை நாளில் குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிடுவோம், மசாலாவை அம்மியிலும் மாவை ஆட்டுக்கல்லிலும் அரைப்போம். 75 வாட் மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு 28 வாட்டில் ஓடுபவற்றை மாட்டியது போன்ற சிறிய வேலைகளால்தான் இந்த வீடு நிற்கிறதே தவிர, விலையுயர்ந்த கலத்தால் அல்ல.

மீட்டர்பெட்டி:
ஆட்டுக்கல்லுக்குப் போனவர் ஆற்றுக்கும் போயிருக்கலாம். லாரிக்கு ஏன் போனார்? பேட்டரித் தம்பி கேட்டது சரியான கேள்விதான், ஆனால் அதுவல்ல இங்கே வழக்கு.

தேனிக்காற்று:
மீட்டர்பெட்டி அண்ணாச்சி எல்லாக் கேள்வியையும் இப்படித்தான் “அதுவல்ல வழக்கு” என்று ஒதுக்குவார். என் வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் காற்றாலை வைத்ததைப் பற்றி எழுதியபோது, “கோயில் தேருக்குக் கட்டிய காகிதக் காற்றாடி” என்று எழுதியவர் இவர். நான் மறக்கவில்லை. வெயிலோடு காற்றையும் சேர்த்திருந்தால் நண்பர் மழைக்காலத்தில் ஆட்டுக்கல்லைத் தேடியிருக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே 350 கிலோவாட் காற்றாலை வைத்து, தன் தேவைக்கு மேல் உற்பத்தி செய்து காட்டியது.

மீட்டர்பெட்டி:
நான் சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். மாடியில் பத்தடிக் குழாயில் நட்டு வைத்த ஆலை, தென்னை மரங்களின் மறைவில் பாதிக் காற்றைக்கூடப் பார்க்காது. அதுவும் நம் பக்கத்தில் காற்று வைகாசியில் எழுந்து புரட்டாசியில் படுத்துவிடும். மேகம் மூடிய கார்த்திகையில் உங்கள் ஆலையும் சேர்ந்துதான் தூங்கும். ஓடந்துறையை இழுத்தீர்கள், நல்லது. அந்த ஆலை தன் மின்சாரத்தைக் கம்பியில்தான் கொடுக்கிறது, மிச்சத்தைக் கம்பிக்குத்தான் விற்கிறது. கம்பியே வேண்டாம் என்று சொல்கிறவருக்கு வக்காலத்து வாங்க வந்து, கம்பியால் பிழைக்கும் ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். கம்பி இருந்தாலும் ஒழுங்கு வேண்டும்: ஊரில் மின்சாரம் நின்றால் கம்பியோடு இணைந்த சூரியத் தகடும் தானாக நின்றுவிடும்படி செய்திருப்பது ஏன் தெரியுமா? கம்பத்தின் மேலே பழுது பார்த்துக்கொண்டிருப்பவன் உயிரோடு இறங்க வேண்டும் என்பதற்காக. அப்படி இறங்கியவர்களில் நானும் ஒருவன். சரி, லாரிக்கு வருவோம்.

ஊருணிக்கரை:
தற்சார்பு என்ற சொல்லுக்கு இங்கே ஒவ்வொருவரும் என்ன பொருள் கொள்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீரும். எங்கள் இராமநாதபுரம் பக்கத்தில் தண்ணீருக்குத் தற்சார்பு என்பது வீட்டுக்கு வீடு அல்ல, ஊருக்கு ஓர் ஊருணி. கால் கழுவக்கூட அதில் இறங்க விடமாட்டார்கள். கலங்கிய தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்து, குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துத் தெளிய வைத்துத்தான் எங்கள் பாட்டி காலத்தில் குடித்தார்கள். கடைகளில் வாங்கிய தகட்டையும் கலத்தையும் வைத்துக்கொண்டு தனி ஒரு வீடு தற்சார்பு என்பதே எனக்கு விளங்கவில்லை.

மீட்டர்பெட்டி:
ஊருணிக்கரை ஐயா சொன்னது அழகாக இருக்கிறது. அந்த ஊருணிக்கு லாரி வந்ததா?

கரிசல்வீடு:
உங்களுக்கு லாரியைத் தவிர வேறு சொல்லே தெரியாதா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதாவது நிறுத்துவீர்கள். கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி ஆள் கால் நுழையும் அளவுக்குப் பிளக்கும். 2023 வெள்ளத்தில் உப்பிய மண், மாசி பங்குனியில் சுருங்கியபோது தொட்டியின் வடக்குச் சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்துவிட்டது. தண்ணீர் கசிந்ததைச் சித்திரையில்தான் கவனித்தோம். இப்போது சுவரைச் சுற்றிலும் இரண்டடி அகலத்துக்குக் கரிசலை எடுத்துவிட்டு மணல் நிரப்பியிருக்கிறேன். அதன் பின் ஒரு சொட்டும் கசியவில்லை. இந்த மண்ணில் நிலத்தடித் தொட்டி கட்டுகிற எவரும் முதலிலேயே செய்ய வேண்டியது அது. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மீட்டர்பெட்டி:
இப்போதுதான் பூனை வெளியே வருகிறது. சென்ற வாரம் காதுகுத்து. இந்த வாரம் விரிசல். பாவம், உறவினர்கள் ஒரு வாரமாக உங்கள் தண்ணீரைக் குடித்துத் தீர்த்த பழியைச் சுமந்தார்கள். தொட்டி கசிந்ததைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். கரிசலில் கம்பம் நட்டவனுக்கு அந்த மண்ணின் குணம் தெரியும், நேராக நட்ட கம்பம் மறு கோடையில் சாய்ந்து நிற்கும். ஆனால் கசிந்ததை மறைத்துக் காதுகுத்து என்று எழுதினீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

கரிசல்வீடு:
நான் எதையும் மறைக்கவில்லை. இரண்டும் அதே மாதத்தில் நடந்தன. காதுகுத்துக்கு அறுபது பேர் வந்தார்கள், இரண்டு நாள் பந்தி நடந்தது. தொட்டி நிறைந்திருந்தாலும் கூடுதல் தண்ணீர் வாங்கித்தான் இருப்பேன். அந்த லாரிகளை வைத்து நான்கு ஆண்டு உழைப்பை எடை போடுவது நியாயமே இல்லை.

தேனிக்காற்று:
நண்பரே, மனம் தளர வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் வீட்டுக்கு வீடு கிடைப்பதை வேண்டாம் என்று விட்டுவிட்டு வாழ்கிற உங்களைக் கேலி செய்ய, அதை வாங்கிக்கொண்டு குளிர்ச்சியில் உட்கார்ந்திருப்பவருக்கு உரிமை கிடையாது.

மீட்டர்பெட்டி:
என் வீட்டில் குளிர்சாதனம் கிடையாது, தேனிக்காற்று. இருக்கட்டும். மேலே அவர் எழுதியதை எல்லோரும் மறுபடி வாசியுங்கள்: “அந்த லாரிகளை” என்று எழுதியிருக்கிறார். சென்ற வாரம் ஒருமை, இன்று பன்மை.

கரிசல்வீடு:
அது எழுத்துப்பிழை.

பேட்டரிப்பித்தன்:
இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த நான்கு கலங்களும் ‘டியூபுலர்’ எனப்படும் குழாய்வகைதானா, எந்த ஆண்டு வாங்கியவை? நான்கு ஆண்டு ஆகிவிட்டதென்றால் இந்த மழைக்காலத்தைத் தாண்டுமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

மீட்டர்பெட்டி:
கலத்தைப் பிறகு பார்க்கலாம், தம்பி. ‘கரிசல்வீடு’ நண்பரிடம் இரண்டே கேள்விகள். மே மாதம் வந்தது 6,000 லிட்டர் லாரியா, 12,000 லிட்டர் லாரியா? எத்தனை முறை வந்தது?

கரிசல்வீடு:
6,000 லிட்டர். எத்தனை முறை என்று முதல் நாளே எழுதிவிட்டேன். மேலே ஏறிப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் ஏறியவருக்கு இது கடினமாக இருக்காது.

மீட்டர்பெட்டி:
ஏறிப் பார்த்துவிட்டேன். மேலே ஒன்று, கீழே பல. எந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.