லைம் நோய் சோதனை: ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ்

அக்காவின் லைம் நோய் (உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா தொற்று) ரிப்போர்ட் எங்களுக்குப் பிடிபடவில்லை. டாக்டர்களும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மே மாதம் காட்டுப்பாதையில் நடந்துவிட்டு வந்தபோது அக்காவின் தொடையில் உண்ணி ஒட்டியிருந்தது. வட்டத் தடிப்பு வரவில்லை (எல்லோருக்கும் அது வருவதில்லைதான்). ஆகஸ்டிலிருந்து ஓயாத அசதி, அப்புறம் வலது முழங்காலில் வீக்கம்.

செப்டம்பரில் எடுத்த எலைசா (ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் தேடும் முதல் சோதனை) இரண்டுங்கெட்டானாக வந்தது. அடுத்து உறுதி செய்ய எடுக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஐஜிஎம் (தொற்றின் ஆரம்பத்தில் வரும் எதிர்ப்புப்பொருள்) பட்டைகள் (கிருமியின் ஒவ்வொரு புரதத்துக்கும் ஒன்று) 23, 41 இருந்ததால் அது பாசிட்டிவ். பிற்பாடு வரும் எதிர்ப்புப்பொருளான ஐஜிஜியில் 41, 58 மட்டும்தான். 10-இல் 5 பட்டையாவது வேண்டும் என்பதால் அது நெகட்டிவ். அறிகுறி தொடங்கி 30 நாள் தாண்டிவிட்டால் ஐஜிஎம்மை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, 41 வேறு கிருமிகளாலும் தெரியும் என்கிறார் ஒரு டாக்டர். இன்னொருவர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாம் என்கிறார். முதலாமவர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் அந்த வீங்கிய காலைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

மூட்டு வீக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்த முடக்குவாதக் காரணி, ஏஎன்ஏ, யூரிக் அமிலம் எல்லாம் நார்மல். அக்டோபரில் மறுபடி எடுத்த பிளாட்டிலும் அதே பட்டைகள், புதிதாக எதுவும் சேரவில்லை.

இப்படி ரிப்போர்ட் வந்தவர்கள் யாராவது முழங்கால் நீரை எடுத்து பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) பார்த்திருக்கிறீர்களா, அதில் தெளிவு கிடைத்ததா?